சமனற்ற தரவில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு: ஒரு திறனாய்வு

மாறுபாட்டுப் பகுப்பாய்வு 1920களில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷரின் கையில் உருப்பெற்றது. பாத்திகளை வகுப்பவர் ஆய்வாளரே ஆதலின் ஒவ்வொரு பிரிவிலும் சம எண்ணிக்கையை அமைக்க முடிந்தது. காரணிகளின் விளைவுகள் ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்து நின்றன. வகுப்பறையிலும் களத்திலும் தரவு திரட்டுவோர்க்கு அவ்வசதி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எனினும் எண்ணிக்கை சமமாக இருப்பதாகவே பாவித்து எஃப் மதிப்பை அட்டவணையிடும் வழக்கம் தொடர்கிறது.

இதனால் நேரும் பிழையைக் கற்பிதமான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் கற்பித்தல் முறையில் நகர மாணவர் 30 பேர், சிற்றூர் மாணவர் 10 பேர். இரண்டாம் முறையில் முறையே 10, 30. எம்முறையில் பயின்றாலும் நகர மாணவர் சராசரி 70, சிற்றூர் மாணவர் சராசரி 50 எனக் கொள்க. முறைகளுக்கிடையே வேறுபாடு ஏதுமில்லை. ஆயினும் மொத்தச் சராசரி முதல் முறைக்கு 65, இரண்டாவதற்கு 55. கற்பித்தல் முறையை முதலில் சேர்த்தால் அதன் வர்க்கக் கூடுதல் 2000, வாழிடத்திற்கு 6000. வாழிடத்தை முதலில் சேர்த்தால் அதற்கே 8000, முறைக்குச் சுழியம்.

ஆர் மென்பொருளின் அடிப்படைக் கட்டளை இவ்வரிசைவழிக் கூடுதலையே, அதாவது முதல் வகையையே, தருகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மூன்றாம் வகையைத் தானாகவே தேர்கிறது. எவ்வகை என்று குறிப்பிடாத அட்டவணையில் எந்த எடுகோள் சோதிக்கப்பட்டது என்பதை வாசகர் அறிய வழியில்லை. ஆய்வாளரும் அறிந்திருந்தாரா என்பது ஐயமே.

யேட்ஸ் 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டார். இடைவினை இல்லையெனில் மாறிலிகளைப் பொருத்தும் முறை, இருப்பின் சராசரிகளின் நிறையிட்ட வர்க்க முறை என இரு வழிகளை ஆராய்ந்தார். இன்றைய இரண்டாம், மூன்றாம் வகைகள் இவற்றின் வழிவந்தவை. மூன்றாம் வகையின் எடுகோள், இரு காரணிகள் சந்திக்கும் ஒவ்வொரு கலத்தின் சராசரிக்கும் சம இடம் அளிக்கிறது: 3 பேர் உள்ள கலமும் 30 பேர் உள்ள கலமும் அங்கே ஒன்றே. இடைவினை இருக்கையில் அத்தகைய முதன்மை விளைவைச் சோதிப்பதற்கு எதிராக நெல்டர் 1977இல் எழுப்பிய தடை இன்னும் வலுவிழக்கவில்லை. ஒரு முறை நகரத்தில் பயன் தந்து சிற்றூரில் தீங்கு செய்யுமாயின், இரண்டின் சராசரி எம்மாணவர்க்கு உரியது?

சம எண்ணிக்கை வேண்டி மிகுதித் தரவை நீக்குவோரும் உளர். அரிதின் திரட்டிய சான்றை வீசியெறிவது அது. இவற்றினும் பெரிய வினா, எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பது. ஒரு பாத்தி தற்செயலாக அழிந்ததா, இட்ட உரத்தாலேயே கருகியதா? பின்னதாயின் மூன்று வகைகளுள் எதுவும் அக்குறையை ஈடுசெய்யாது. எஞ்சிய பாத்திகளின் விளைச்சல் அவ்வுரத்தின் பக்கமே சாய்ந்து நிற்கும்.