கை தட்டாதீர்கள், இன்னும் இறங்கவில்லை

ஸ்பானிஷ் படிக்க வருபவர்களிடம் ஸ்பெயினில் என்ன பார்க்க ஆசை என்று கேட்டால் கால்பந்து, காளைச்சண்டை, ஃபிளமெங்கோ என்பார்கள். நாலாவதாக ஒன்று வராது. கத்தலோனியாவின் மனிதக் கோபுரத்தைப் பற்றி நானே எடுத்துச் சொன்னாலும், "மும்பையில் தயிர்ப்பானைக்கு ஏறுவார்களே, அதுதானே சார்?" என்கிறார்கள்.

அது இல்லை. 'காஸ்தெல்' என்று பெயர். வால்ஸ் என்ற ஊரில் வேர்விட்டது, 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் 'பின்யா'. உச்சிக்குப் போகும் பொடிசு 'என்ஷனேத்தா'. ஏறுபவர்களுக்குச் செருப்பு கிடையாது. இடுப்பில் சுற்றிய கறுப்புத் துணிதான் முதுகுக்குக் கட்டு, அடுத்தவருக்குப் படி. 'த்ரெஸ் தெ வுயித்' என்றால் அடுக்குக்கு மூன்று பேர், எட்டு அடுக்கு. இதெல்லாம் கத்தலான் சொற்கள். ஸ்பானிஷ் அகராதியைப் புரட்டாதீர்கள். அடிப்படை இவ்வளவுதான்.

விஷயம் இனிமேல்தான். என்ஷனேத்தா உச்சியில் கையைத் தூக்கியதும் காஸ்தெல் 'கர்ரெகாத்', ஏற்றியாயிற்று. எல்லோரும் விழாமல் இறங்கினால்தான் 'தெஸ்கர்ரெகாத்', இறக்கியாயிற்று. கை தூக்கிய மறுநொடி சரிந்தால் முதல் பெயரோடு சரி. தர்ரகோனாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டியில் இரண்டுக்கும் வேறு வேறு புள்ளி. தயிர்ப்பானை உடைந்ததும் ஆட்டம் முடிந்தது. அப்புறம் எப்படி இறங்கினால் யாருக்கு என்ன? இங்கே பானையே கிடையாது. மேலே பாரம் குறையக் குறைய, அத்தனை நேரம் தாங்கி மரத்துப்போன முழங்கால்கள் நடுங்கத் தொடங்கும். நடுங்குகிற தோளிலிருந்து இறங்குவதுதான் கலை. ஏறுவதற்குத் தைரியம் போதும் ஐயா.

கை தூக்கியதோடு வெட்டிய வீடியோக்களும், விழுவதை மட்டும் கோத்த வீடியோக்களும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் குப்பை. 'ஒற்றுமையின் சின்னம்' என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறும் பயணக் கட்டுரையாளர்கள் அதைவிட மோசம். 

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது கண்ணை மூடிக்கொண்டு இசையைக் கேட்பது. 'கிரால்யா' என்ற குழல் ஊதுவார்கள். நம் நாயனம் போல இரட்டைச் சீவாளி. பின்யாவில் நிற்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது, கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று அந்த இசைதான் சொல்லும். சரிந்தால் சட்டென்று அறுந்துவிடும்.

காஸ்தெல்லை நேரில் பார்க்க ஆகஸ்ட் 30-இல் விலாஃப்ராங்காவுக்குப் போங்கள். சின்ன ஊர்ச் சதுக்கங்களில், வேடிக்கை பார்க்க வந்தவரையும் பின்யாவுக்குள் இழுத்துக்கொள்வதுண்டு. இழுத்தால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முன்னால் நிற்பவர் முதுகில் கை வைத்துத் தலையைக் குனியுங்கள். மேலே மட்டும் பார்க்காதீர்கள், கழுத்து போய்விடும்.