கவிழ்த்த சீட்டை ரசிப்பது எப்படி?

வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவை எட்டுவதற்கு முன்னால் வருகிற பொய்கையில், செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தையை ஒருமுறையேனும் நின்று கவனித்தவர்களுக்குச் சீட்டாட்டத்தின் சாரம் இன்னதென்று தனியே விளக்க வேண்டிய அவசியம் அதிகம் இராது. தரகரும் வாங்க வந்தவரும் கைகோத்து, அந்தக் கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடி, விரல்களை அழுத்தியும் விடுவித்தும் விலை பேசும்போது, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது முகம் ஒன்றே. எத்தனை ஆயிரம், எத்தனை நூறு என்பதெல்லாம் துண்டுக்கு அடியில் நடக்கும் ரகசியம். ஆயினும் அனுபவசாலியான ஒருவர், உதட்டின் சுழிப்பையும், கையை உருவிக்கொண்டு இரண்டடி விலகி நிற்கும் தோரணையையும், மறுபடி வந்து கை கொடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் வைத்தே, பேரம் எந்த இடத்தில் நிற்கிறதென்று ஏறக்குறைய ஊகித்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கண்ணுக்குத் தெரிகிறவற்றைக் கொண்டு அனுமானிக்கும் இந்தச் சாமர்த்தியமே ரம்மிக்கும் உயிர், போக்கருக்கும் உயிர்.

சீட்டு என்றவுடன் முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது நியாயமான பழக்கமே. சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை இஸ்லாம் மைசிர் என்று விலக்கியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் வியாபாரத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் குடும்பங்களில், டேனரியில் எத்தனை பெரிய லாப நஷ்டத்தையும் நிதானமாகத் தாங்கும் பெரியவர்கள், சீட்டுக்கட்டை வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. இந்த விலக்கில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். ஆனால் விலக்கப்பட்டது பணயமே தவிர, அனுமானம் அன்று. பணயத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மீதியாக நிற்பது சதுரங்கத்துக்கு எந்த வகையிலும் தாழாத ஒரு புத்தி வினோதம் என்பதையும், சதுரங்கத்தில் எல்லாக் காயும் கண்முன்னே பிரத்தியட்சமாய் நிற்க இங்கே பாதிக்கு மேல் மறைந்திருப்பதால் இது மனித வாழ்க்கையின் நிலைமைக்கு இன்னும் சற்று நெருங்கியது என்பதையும் வாசகர்கள் உணர வேண்டுமென்று ஆசைப்படுகிறேன்.

ரசிக்கப் பழகுகிறவர் முதலில் செய்ய வேண்டியது ஆடாமலிருப்பது. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, மண்டபத்தின் மாடியில் ஜமக்காளம் விரித்து மாமா, மச்சான், சித்தப்பா என்று ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, ஏதாவது ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் மௌனமாக உட்காருங்கள். அவருடைய கை ஒன்றை மட்டும் பாருங்கள். நடுவிலே எழுந்துபோய் இன்னொருவருடைய கையை எட்டிப் பார்த்தால், நீங்கள் ரசிப்பதற்கு இருந்த ரகசியத்தை நீங்களே கொன்றவராவீர்கள். வாயைத் திறப்பது அதைவிடப் பெரிய குற்றம், "அடடா, அதை ஏன் மாமா போட்டீங்க?" என்ற ஒரே வாக்கியம் ஐந்து பேருக்குத் துப்புக் கொடுத்துவிடும்.

ரம்மிக்கு இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்கு 13. இரண்டு கட்டு என்பதனால் ஒவ்வொரு சீட்டும் இருமுறை உண்டு என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு, இறக்கிய சீட்டுகளைக் கவனியுங்கள். எதிராளி ஒருவர், தமக்கு முன் ஆடுபவர் இறக்கிய ஆட்டின் 8-ஐக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கிளாவர் ராஜாவைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவிழ்ந்த கட்டிலிருந்து எடுத்திருந்தால் எவருக்கும் ஒன்றும் தெரியாது. திறந்த சீட்டை எடுத்ததனால் தம் கையின் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். அவரிடம் ஆட்டினில் 6, 7 இருக்கலாம், அல்லது 7, 9 இருக்கலாம், அல்லது 9, 10 இருக்கலாம். அன்றி வேறு நிறங்களில் இரண்டு 8-கள் இருந்து செட்டுக்காக எடுத்திருக்கலாம். இரண்டு சுற்று கழித்து டைமண்ட் 8 வந்து விழுகிறது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பொழுதே செட்டு என்ற சாத்தியம் பெரும்பாலும் தள்ளுபடியாகி, அவர் கட்டிக்கொண்டிருப்பது ஆட்டின் வரிசை என்பது ஊர்ஜிதமாகிறது. அவருக்கு முன்னால் சீட்டு இறக்குபவர், நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரே என்று கொள்ளுங்கள். இனி அவருடைய கையைப் பாருங்கள். அதில் எதற்கும் உதவாத ஆட்டின் 10 ஒன்று வெறும் சுமையாய்க் கிடக்கிறது. தோற்றால் 10 புள்ளி. சாமானிய ஆட்டக்காரர் அதை எப்பொழுதோ எறிந்திருப்பார். நல்ல ஆட்டக்காரரோ, அதை எறிந்தால் எதிராளியின் வரிசை நீளும் என்று தெரிந்து, சுமையைச் சுமையாகவே கடைசிவரை வைத்துக்கொண்டு, தம்முடைய சேர்க்கையைக் கலைத்து வேறொன்றை இறக்குகிறார். மண்டபத்தில் அந்த நேரத்தில் நடக்கும் காரியங்களிலெல்லாம் அழகானது அதுவே என்று சொல்லத் தயங்கமாட்டேன். அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவரே என்பதும் அதன் ஸ்வாரஸ்யத்தில் சேர்ந்தது.

தூண்டில் போடுவதும் உண்டு. டைமண்ட் 8, 9 வைத்திருப்பவர், தமக்குத் தேவையான டைமண்ட் 10-ஐ வரவழைக்கும் உத்தேசத்துடன், கையிலிருக்கும் கிளாவர் 10-ஐ முதலில் எறிகிறார். 10 இவருக்கு வேண்டாம்போலும் என்று நம்பி அடுத்தவர் விட்டுவிடுகிறார்.

வெற்றியைவிடத் தோல்வியில் ஆட்டக்காரரின் தரம் தெரியும். முதல் பார்வையிலேயே கை தேறாது என்று கண்டு ஸ்கூட் விடுகிறவருக்கு 20 புள்ளி. சிறிது ஆடிப்பார்த்து மிடில் ஸ்கூட் விட்டால் 40. நம்பிக்கையைக் கைவிட மனமில்லாமல் கடைசிவரை போய் அகப்பட்டுக்கொண்டால் 80 வரை ஏறும். 13 சீட்டையும் விரித்துப் பார்த்து, ஜோக்கரும் இல்லை, ரம்மி சேரும் சாயலும் இல்லை என்று அறிந்த கணத்தில், முகத்தில் எவ்விதச் சலனமும் இல்லாமல் கவிழ்த்து வைக்கிற அந்தக் கையை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு முழு இரவில் அவர் ஜெயித்த கைகளைவிட, இப்படி விட்டுக்கொடுத்த கைகளே அவரைக் காப்பாற்றியிருக்கும்.

இந்தச் சாமர்த்தியத்தை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. செகந்தராபாத்தில் ஒரு கிளப்பின்மேல் தொடரப்பட்ட வழக்கில், 1967-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ரம்மி மூணு சீட்டைப்போல் முழுதும் அதிருஷ்டத்தைச் சார்ந்ததன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்பதற்கும் திறமை வேண்டும், ஆகையால் அது பெரும்பாலும் திறமையின் ஆட்டமே என்று கண்டது. அதே தீர்ப்பு, ஆட்டத்தை நடத்துகிறவர் பணயத்திலிருந்து லாபம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களே நம் நாட்டில் அதிகம்.

போக்கருக்கு வருவோம். மூணு சீட்டு தெரிந்தவர்கள் இதை அதன் அண்ணன் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்து ஏமாறுகிறார்கள். மூணு சீட்டில் எல்லாமே மறைவு. ஆகவே அனுமானத்துக்குப் பிடிமானம் மிகக் குறைவு. உலகமெங்கும் இன்று ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையில், ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மேஜை நடுவில் 5 சீட்டுகளை எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கிறார்கள்: முதலில் 3, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு திறப்புக்கும் பணயம் கட்ட ஒரு சுற்று. தம்முடைய இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, அவற்றில் சிறந்த 5 சீட்டுக் கையை அமைத்தவருக்கு வெற்றி. அல்லது மற்றவர்களெல்லாம் பயந்து விலகும்படி செய்தவருக்கு வெற்றி. இந்த இரண்டாவது வழிதான் ஆட்டத்தின் ஜீவநாடி.

கணக்கும் இதில் ரசிக்கத்தக்கது. உங்களிடம் இஸ்பேட் இரண்டு. நடுவில் திறந்த மூன்றில் இஸ்பேட் இரண்டு. இன்னும் ஓர் இஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே நிறமாகிவிடும். நீங்கள் காணாத சீட்டுகள் 47. அவற்றில் இஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே அது வருவதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. நடுவில் 800 வில்லைகள் சேர்ந்திருக்க, எதிராளி 200 கட்டுகிறார் என்றால், நீங்கள் 200 போட்டு 1000 பெற முயல்கிறீர்கள், ஒன்றுக்கு ஐந்து. கிடைக்காமற்போகும் வாய்ப்போ 9-க்கு 38, அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய நாலேகால். ஆகவே தொடர்வது நியாயம். அவரே 800 கட்டியிருந்தால், அடுத்த சீட்டை மட்டும் கருதும்போது தொடர்வது மூடத்தனம். சீட்டு ஒன்றே, ஆசை ஒன்றே. கேட்கப்படும் விலை மாறியதனால் தீர்மானம் மாறுகிறது. தோல் மண்டியில் ஒரே சரக்கை ஒரு விலைக்கு வாங்கி இன்னொரு விலைக்கு மறுத்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பொய்ப் பணயம் கட்டுவதை வெறும் துணிச்சல் என்று நினைப்பவர்கள், ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்று ஒரு பகுதி இருப்பதை அறிய வேண்டும். நல்ல கை வந்தபோது மட்டுமே பெரிதாகக் கட்டுகிறவனை எல்லோரும் எளிதில் படித்துவிடுவார்கள். ஆகவே அளவறிந்து இடையிடையே பொய் கலப்பது கணிதப்படியே அவசியம் என்று அங்கே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் செய்த லிப்ராடஸ் என்ற நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 கைகள் ஆடி வென்றது. முகமும் இல்லை, நடுக்கமும் இல்லை; ஆனால் பொய்ப் பணயம் கட்டத் தெரிந்திருந்தது. ஆகையால் போக்கரைப் பார்க்கும்போது கண்ணின் இமைப்பையும் விரல் நடுக்கத்தையும் மட்டும் தேடிக்கொண்டிராமல், இந்தத் தொகையை இந்த நேரத்தில் இவர் கட்டியது இதுவரை இவர் செய்தவற்றோடு பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாத கதையே பெரும்பாலும் பொய்க் கதை.

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதி கிடையாது. கோவாவில், பணஜியில் மாண்டவி நதியில் மிதக்கும் கப்பல்களில் உண்டு. சுற்றுலாவாகப் போகும் நண்பர்கள் சீட்டறையை எட்டிப் பார்க்க நேர்ந்தால் கவனிக்கத்தக்கவை அங்கே உள்ள ஒழுங்குமுறைகள்: தம் முறை வருமுன் எவரும் வாய் திறப்பதில்லை, வில்லைகளை இருமுறையாகத் தயங்கித் தயங்கி வைக்காமல் ஒரே அசைவில் வைக்கிறார்கள், ஆட்டம் முடியுமுன் தம் கை இன்னதென்று சொல்வதில்லை, சீட்டுப் போடுபவர் ஒவ்வொரு திறப்புக்கும் முன்னால் மேல் சீட்டு ஒன்றை யாருக்கும் காட்டாமல் தள்ளிவைக்கிறார். அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு கையிலும் சேர்ந்த தொகையிலிருந்து விடுதிக்காரர் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஜெயிப்பவர் மாறிக்கொண்டே இருக்க, அந்தப் பங்கு மட்டும் இரவு முழுதும் ஒரே திசையில் போகிறது. அந்தத் திசையைக் கண்டவர் அங்கே உட்காரமாட்டார்.

கைப்பேசியில் நடந்த ஆட்டங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல மனம் வரவில்லை. சம்பளம் வந்த இரவே அதைத் தொலைத்த இளைஞர்களின் துயரம் இந்த மாநிலம் முழுவதும் செய்தியாயிற்று. அங்கே இறக்கிய சீட்டைப் பார்த்து யோசிக்க அவகாசமும் இல்லை, எதிரே ஒரு மனிதரும் இல்லை. 2025-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. அது சரியான காரியம்.

நமக்கு வேண்டியது நாலு பேர், ஒரு ஜமக்காளம், கட்டு கலையாத சீட்டு, பணத்துக்குப் பதிலாக ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு மாதம் ரம்மி பார்க்கட்டும், பிறகு ரம்மியும் போக்கரும் ஆடட்டும். ஒவ்வொரு கை முடிந்ததும், "அந்த ஆட்டின் 10-ஐ ஏன் பிடித்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். புளியங்கொட்டையைக் காசாக மாற்றலாமா என்று எவராவது கேட்டால், அன்றைக்கு ஆட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.