மண்வாசனைக் கணக்கில் விடுபட்ட மண்

ஓடிடி வந்தபிறகு தமிழ்த்திரை மண்ணுக்குத் திரும்பிவிட்டது என்று இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு படம், வட்டாரத்துக்கு ஓர் இயக்குநர், இனி விடுபட்ட ஊரே கிடையாது என்கிற தோரணை. மங்கலம்பேட்டையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்கு இந்தப் பேச்சு எரிச்சலைத்தான் தருகிறது. திருநெல்வேலி வந்துவிட்டது, சந்தேகமில்லை. மதுரை போகவேயில்லை. கொங்குக்கு ‘சேத்துமான்’, தஞ்சாவூருக்கு ‘மெய்யழகன்’. முந்திரியும் பலாவும், நெய்வேலி நிலக்கரியும், விருத்தாசலம் செராமிக்கும் இருக்கிற எங்கள் நடுநாடு மட்டும் திரைக்கு இரவல் கொடுக்கிற ஊராகவே இருக்கிறது. திருவிழாவைக் கொடுக்கும், சுரங்கத்தைக் கொடுக்கும், வழக்கையும் கொடுக்கும். கதையில் அதன் பெயர் இருக்காது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெயகாந்தன் கடலூர்க்காரர். 1965இல் அவர் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ சென்னைச் சேரியின் படம். பாரதிராஜாவுக்குப் பிறகு கிராமம் என்றாலே வைகைப் பக்கம் என்று ஆயிற்று. ‘பருத்திவீர’னும் ‘சுப்ரமணியபுர’மும் அந்தக் குத்தகையை இன்னும் கொஞ்சகாலம் நீட்டித்தன. தொலைக்காட்சியில் அது இன்றுவரை முடியவில்லை. ‘எதிர்நீச்ச’லில் மாரிமுத்துவின் ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களை அதட்டியதை எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. நல்ல நடிப்பு, 2023 செப்டம்பரில் அவர் இறந்தபிறகு தொடர் நொண்டியது. ஆனால் ஊர்ப் பெரியவர் என்றால் தெற்கத்திப் பேச்சுதான் பேசவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எங்கள் ஊரிலும் குணசேகரன்கள் உண்டு. அவர்கள் அதட்டுகிற தமிழ் வேறு.

இந்த வெற்றிடத்தில் ஒரே ஒரு ஆள் பிடிவாதமாக நின்றார். இன்று அவரைப் பற்றிப் பேசினால் இலக்கிய நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். தங்கர் பச்சானின் மேடைப்பேச்சும் அரசியலும் அவருடைய படங்களை மறைத்துவிட்டன. அதில் அவருக்கும் பங்குண்டு. பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்து ஒளிப்பதிவாளராக வந்தவர், ‘கல்வெட்டு’ என்கிற தன் சிறுகதையை 2002இல் ‘அழகி’யாக எடுத்தார். ஊர் அதை இளையராஜா பாட்டாகவும் கைகூடாத காதலாகவும் ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிதாகப்பட்டது பள்ளிக்கூடப் பகுதி. அந்தப் பிள்ளைகளின் நடையிலும் பேச்சிலும் சினிமாப் பூச்சு இல்லை. அதே ஆண்டில் வந்த ‘சொல்ல மறந்த கதை’, நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்க’ளைத் திரைக்குக் கொண்டுவந்த படம். நாவலின் கூர்மை அதில் பாதிதான் வந்தது.

2007இல் வந்த ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ வேறு தரம். அவருடைய நாவலே மூலம். பிள்ளைகளோடு மனம் முறிந்து சொத்தைவிட்டு வெளியேறுகிற முந்திரிக்காட்டு விவசாயி மாதவப் படையாட்சியாக சத்யராஜ், மனைவியாக அர்ச்சனா, முஸ்லிம் நண்பராக நாசர். படையாட்சி வீடும் பாய் வீடும் ஒரே கடைத்தெருவில் புழங்குகிற எங்களூர்க்காரனுக்கு அந்த நட்பை யாரும் விளக்கவேண்டியதில்லை, தங்கரும் விளக்கவில்லை. மத நல்லிணக்கம் என்று பலகை பிடிக்காமல் சாதாரணமாக விட்டுவிட்டார். குறைகள் இல்லாமல் இல்லை. வசனம் அங்கங்கே உபதேசமாகிறது, பின்னணி இசை கண்ணீரைப் பிழிகிறது. ஆனாலும் உழைத்துக் காய்த்த ஒருவன், எல்லாரையும் நம்பி, வெறுங்கையோடு நிற்பதைத் தமிழில் இவ்வளவு நிதானமாக எடுத்தவர்கள் குறைவு. இன்னொன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புயலுக்கு நான்கு வருஷம் முன்பிருந்த தோப்பை அந்தப் படத்தில்தான் இன்று பார்க்கமுடியும். அதே தங்கர் 2023இல் பாரதிராஜாவை வைத்து எடுத்த ‘கருமேகங்கள் கலைகின்றன’ சோர்வான படம். அன்புக்காக ஒருமுறை பார்க்கலாம்.

இனி கொண்டாடப்படுகிற ஓடிடி. 2022இல் அமேசானில் வந்த ‘சுழல்’ விறுவிறுப்பான தொடர்தான். முதல் சில பகுதிகளை நானும் நிறுத்தாமல் பார்த்தேன். அதன் முதுகெலும்பு மயானக்கொள்ளை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் எங்கள் சனம் திரண்டு நிற்கிற திருவிழா. தொடரில் அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஒரு கற்பனை மலையூரில், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள். கொலைக் கதைக்குச் சிவப்பும் சாம்பலும் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டார்கள். ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நெய்வேலிக்கு வந்ததும் இதே கணக்கில்தான். 2020 பிப்ரவரியில் விஜய் வேன்மேல் ஏறி எடுத்த செல்ஃபி உலகம் சுற்றியது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனின் கதை அந்த வேனில் ஏறவில்லை.

‘ஜெய் பீம்’ இன்னும் சிக்கலானது. விருத்தாசலத்துக்கு வடக்கே நாங்கள், கிழக்கே கம்மாபுரம். 1993இல் அங்கே காவல் நிலையத்தில் இறந்த முதனை ராஜாகண்ணுவின் வழக்குதான் படத்துக்கு மூலம். அவருடைய சமூகம் படத்தில் இருளர் ஆயிற்று. சம்பவம் விழுப்புரம் பக்கம் நகர்ந்தது. நல்ல படம். மணிகண்டனும் லிஜோமோலும் நடித்த முன்பாதிக்கு இணையாக அண்மையில் எதுவும் வரவில்லை என்றுகூடச் சொல்வேன். நீதிமன்றத்துக்குள் போனதும் அது சூர்யா படமாகிவிடுகிறது. விடாமல் வழக்காடிய பெண் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறாள். இதையெல்லாம் பேசியிருக்கவேண்டிய நேரத்தில் ஊர் ஒரு காட்சியில் தெரிந்த காலண்டர் படத்துக்காகச் சண்டை போட்டது. படத்தின் வட்டார வழக்குக்கு உதவிய எழுத்தாளர் கண்மணி குணசேகரன், வாங்கிய ஐம்பதாயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அவர் கோபத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மொழியைக் கடைசியில் தூவுகிற மசாலாவாகக் கேட்டு வாங்குகிற பழக்கத்தில்தான் கோளாறு இருக்கிறது. கதை எழுதும்போதே அந்த மொழிக்காரர் கூட இருக்கவேண்டும்.

முடியாத காரியமல்ல. 2024இல் பாரி இளவழகன் இயக்கி நடித்த ‘ஜமா’ திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பற்றியது. பெண்வேஷம் கட்டுகிறவனின் உடம்பு, வாத்தியார் சண்டை, கூத்துக்காரர் பேச்சு எல்லாம் உள்ளிருந்து வருகின்றன. திரைக்கதை நடுவில் தொய்கிறது; இருந்தாலும் ‘சுழ’லின் முழுப் பளபளப்புக்கும் மேலாக இதையே வைப்பேன். அதே ஆண்டின் ‘கொட்டுக்காளி’ பின்னணி இசையே இல்லாமல் ஒரு வட்டாரத்தின் சாதிக் கோபத்தைக் காட்டியது. மதுரைப் பக்கத்துக்கு வினோத்ராஜ் செய்ததை இங்கே செய்யக் கதைக்குப் பஞ்சமில்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் காத்திருக்கிறாள், கண்மணியின் அஞ்சலை காத்திருக்கிறாள். பீங்கான் சூளை வேலையிலும் ஒரு படம் இருக்கிறது.

தொடர் எடுக்க இந்தப் பக்கம் லொக்கேஷன் பார்க்க வருகிற தம்பிமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரோனை மேலே அனுப்புவதற்கு முன்னால் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ ஒரு பிரதி வாங்குங்கள். தொகுத்தவர் அதே கண்மணி குணசேகரன்தான், இருப்பது விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையில்.