தந்தையரின் இசைத்தட்டுகள்

ஹிப் ஹாப் என்றதும் முகம் சுளிப்போர் நம்மில் பலர். பேச்சைத் தாளத்தில் போட்டு அடிப்பதெல்லாம் பாட்டாகிவிடுமா என்பது அவர்களது தீர்ப்பு. வியப்பு என்னவெனில், அதே தீர்ப்பு இன்று அவ்விசைக்குள்ளேயே ஒலிக்கிறது. ஐம்பதைக் கடந்த அமெரிக்க ரசிகர் ஒருவர், இருபது வயதுப் பாடகனைக் கேட்டுவிட்டு, "வாய்க்குள் முணுமுணுக்கிறான், இதற்குப் பெயர் ராப்பா?" என்கிறார். இளையோரின் இசையாகப் பிறந்தது 2023ஆம் ஆண்டில் தன் பொன்விழாவைக் கொண்டாடியது. அதற்குத் தந்தையரும் பேரரும் உண்டாகிவிட்டனர்.

அதன் பிறப்பைச் சற்று நினைவுகூர்வோம். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் சாலை 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்ட வேண்டுமென்று சிண்டி கேம்பல் என்ற பெண் அதனை ஏற்பாடு செய்தார். இசைத்தட்டுகளைச் சுழலவிட்டவர், ஜமைக்காவில் பிறந்த அவருடைய பதினெட்டு வயது அண்ணன், கூல் ஹெர்க். ஒலிபெருக்கிச் சாதனம் தந்தையினுடையது. தட்டுகளோ ஜேம்ஸ் பிரவுன் போன்ற மூத்தோருடையவை. பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை ஹெர்க் கண்டுகொண்டார். ஒரே தட்டின் இரு படிகளை அடுத்தடுத்து ஓட்டி, அச்சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். மூத்தோர் கடந்துபோன இடத்தில் இளையோர் நின்றுவிட்டனர். இக்கலையின் முதற்செயலே பழையதைக் கவனித்துக் கேட்டதுதான்.

அடுத்த தலைமுறை இதனையே பெருங்கட்டடமாக எழுப்பியது. 1988இல் பப்ளிக் எனிமி குழுவினர் வெளியிட்ட ஆல்பத்தில் எண்ணற்ற பழம்பாடல்களின் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பின்னர் 1991இல் ஒரு வழக்கு வந்தது. கில்பர்ட் ஓசல்லிவனின் பாடற்பகுதியை, உரிமை பெறாமல் பிஸ் மார்க்கி தம் ஆல்பத்தில் எடுத்தாண்டார் என்பது புகார். நியூயார்க் நீதிபதி தம் தீர்ப்பை, விடுதலைப்பயண நூலில் உள்ளதும் நாம் ஏழாம் கட்டளையாகக் கற்றதுமான கட்டளையைக் கொண்டே தொடங்கினார். கட்டளையில் குறையில்லை. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் இசைத்தட்டில் சில வினாடி முரசடித்த கிரகரி கோல்மனின் தாளம் உலகெங்கும் எண்ணற்ற பாடல்களில் ஒலித்தது. அவரோ அதற்கு உரிமைத் தொகை எதுவும் காணாமல் 2006இல் வறுமையில் இறந்தார். கூலி மறுக்கப்பட்டது உண்மையே. ஆனால் தீர்ப்புக்குப் பின் நினைவுகூர்வதற்கே விலை வந்துவிட்டது. பணமுள்ளவர் பழையதை வாங்கினர். இல்லாதவர் தம் அறையில் புதிதாக ஒலியை உண்டாக்கிக்கொண்டனர்.

ஆகவே, "இளையோருக்கு வேர் தெரியவில்லை" என்ற குறைகூறலைப் பாதியளவே ஏற்கலாம். 2016இல் லில் யாட்டி என்ற இளம் பாடகர், டூபாக்கின் பாடல்களிலோ நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் பாடல்களிலோ ஐந்தின் பெயரைக்கூடத் தம்மால் சொல்ல இயலாது என்றபோது பெரும் கண்டனம் எழுந்தது. அவ்விருவரும் முறையே 1996இலும் 1997 மார்ச்சிலும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, 1997 ஆகஸ்ட் மாதத்தில் அவர் பிறந்தார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? கேட்கும் முறையும் மாறிவிட்டது. கூடத்தில் திரண்டு ஆடியோர்க்கு உரத்த, தெளிந்த சொல் வேண்டியிருந்தது. இன்று காதுக்குள் செருகிய கருவியில் தனித்துக் கேட்பவனுக்கு முணுமுணுப்பே போதும். சொல்லைவிடக் குரலின் குழைவு அங்கு முன்னிற்கிறது. அதில் வெறும் பணப்பெருமையும் பெண்ணிழிவும் மலிந்திருப்பதை நான் மறைக்கவில்லை. எனினும் அவை இளையோர் புதிதாகக் கொணர்ந்தவை அல்ல, மூத்தோர் விட்டுச்சென்ற சொத்து.

முதுமையை எவ்வாறு பாடுவது என்பது இக்கலைக்குப் புதிய கேள்வி. 2017இல் நாற்பத்தேழு வயது ஜே-இசட், தம் மணவாழ்வில் செய்த துரோகத்தை ஒப்புக்கொண்டு மனைவியிடம் மன்னிப்பு வேண்டும் ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். ஆண்மைச் செருக்கையே மூலதனமாகக் கொண்ட இசையில் இது பெரிய திருப்பம் என்பேன். ஆண்ட்ரே 3000 வேறு வழி சென்றார். இந்த வயதில் ராப் பாட எனக்கென்ன இருக்கிறது என்ற பொருள்படப் பேசி, 2023இல் புல்லாங்குழல் ஆல்பம் தந்தார்.

தந்தையும் மகனும் உண்மையாகவே சந்தித்த இடமும் உண்டு. 1994இல் வெளிவந்த நாஸின் முதல் ஆல்பத்தில், ஒரு பாடலின் இறுதியில் வரும் குழலோசை அவருடைய தந்தை, ஜாஸ் கலைஞர் ஓலு தாரா ஊதியது. இருபது வயது மகன் பேசி முடித்த பின், தந்தை சொல்லின்றித் தொடர்கிறார்.

எல்லார்க்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. கென்ட்ரிக் லாமர் 2015இல் வெளியிட்ட ஆல்பத்தின் இறுதிப் பாடலில், டூபாக் 1994இல் அளித்த ஒரு நேர்காணலின் பதிவை வெட்டி ஒட்டி, தாம் அவரிடம் நேரில் கேள்வி கேட்பதுபோல் அமைத்திருக்கிறார். மகன் தந்தையிடம் கேட்பதுபோலவே அது ஒலிக்கிறது. ஆனால் விடை கூறும் அந்தக் குரலுக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். கேட்பவருக்கோ இருபத்தேழு. முடிவில் கென்ட்ரிக் ஒரு நீண்ட உருவகத்தைப் படித்துக் காட்டி, அது பற்றிய கருத்தைக் கேட்கிறார். மறுமொழி வரவில்லை. பெயர் சொல்லி மீண்டும் அழைக்கிறார். இசைத்தட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.