முப்பத்தாறு வீடுகள்

கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். பிறகு சொன்னால் புத்தக விமர்சனத்துக்குள் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

சென்னைக்குத் தெற்கே ஒரு நகர். பெயர் வேண்டாம். வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு அறை வீடு எனக்கு அங்கே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு, பக்கத்துப் புறம்போக்கில் குறைந்த வருமானக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடியது. பேசியவர்கள் எல்லாருமே மரியாதையானவர்கள். குரல் உயரவில்லை. “ஏழைங்களுக்கு வீடு வேணாம்னு நாம சொல்லல சார். இங்க வேணாம்னுதான் சொல்றோம்” என்றார் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். தண்ணி பத்தாது, சாக்கடை தாங்காது, ரோடு ஏற்கெனவே நெரிசல், பொம்பளப் பிள்ளைங்க ராத்திரி டியூஷன் முடிஞ்சு வர்றாங்க. கடைசியாக, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வீட்டு விலை. இரண்டு மணி நேரத்தில் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவு சுத்தமான கூட்டம். மனு சுற்றி வந்தது. எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் பேனாவை நீட்டும்போது என் முகத்தைப் பார்த்தார். பார்த்தாரா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. போட்டேன்.

நான் பிறந்தது செய்யாறு பக்கம் ஒரு காலனியில். கிராமத்தில் காலனி என்றால் என்னவென்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்க வந்த புதிதில் சென்னையில் அதே சொல்லைப் பெரிய பெரிய வீடுகள் இருக்கும் தெருமுனைப் பலகையில் பார்த்துவிட்டு, ‘அட, இங்கயும் நம்மாளுங்களா’ என்று நினைத்தவன் நான். (2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊர்க்காரர்கள் வழி கேட்டால் என்ன சொல்லிக் காட்டுகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும்.) இப்போது இருக்கிற நகரில் நான் யார் என்பது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் ‘கிளைம்பிங் மவுண்ட் லாரல்’ படித்தேன். டக்ளஸ் மாசியும் நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2013-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரைப் பக்கமாக உள்ள ஒரு புறநகரைப் பற்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடிப் போனது, ஏழைகள் வந்து குடியேறிய பிறகு பக்கத்து வீடுகளின் விலை என்ன ஆயிற்று என்கிற பக்கத்தைத்தான்.

விலை குறையவில்லை. குற்றங்கள் கூடவில்லை. வரியும் இதனால் ஏறவில்லை. சுற்றியுள்ள ஒத்த ஊர்களோடு வருடக் கணக்கில் ஒப்பிட்டு, அட்டவணை போட்டு நிறுவுகிறார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஏன் வந்தது என்று கொஞ்ச நேரம் கழித்து உறைத்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு மாசம் ஆச்சு.

கதை இதுதான். மவுண்ட் லாரல் வயலும் தோட்டமுமாக இருந்த ஊர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்களான கறுப்பினக் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நெடுஞ்சாலை வந்தது, நிலத்துக்கு மவுசு வந்தது, வெள்ளைக்காரர்கள் தனி வீடுகள் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய குடிகளில் சிலர் கோழிக் கொட்டகையைத் தடுத்து வீடாக்கி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வாழத் தகுதியற்றது என்று சொல்லி அதையும் ஊர் நிர்வாகம் பூட்டத் தொடங்கியது. அப்போது ஸ்பிரிங்வில் பகுதி மக்கள் கேட்டது 36 வீடுகள். மாடி உயரம் அதிகமில்லாத தொகுப்பு வீடுகள். அவ்வளவுதான். 1970-ல் மேயர் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து பதில் சொன்னார்: உங்க ஆட்களுக்கு இந்த ஊரில் வாழ வசதி இல்லையென்றால் கிளம்பிப் போகத்தான் வேண்டும். வந்தேறி பூர்வகுடியிடம் சொன்ன பேச்சு இது. நமக்குப் புதுசா என்ன?

எத்தல் லாரன்ஸ் என்கிற பெண்மணி முதல் வாதிகளில் ஒருவராக நின்று வழக்குப் போட்டார். 1975-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் தன் வட்டாரத்து ஏழைகளுக்கான வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்றது. ஊர்கள் கண்டுகொள்ளவில்லை. 1983-ல் அதே நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. மவுண்ட் லாரலில் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்க 1997 ஆயிற்று. ஆட்கள் குடியேறத் தொடங்கியது 2000-ன் கடைசியில். எத்தல் லாரன்ஸ் 1994-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெயர் வைத்த குடியிருப்பில் அவர் ஒரு செங்கல்லைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஊரின் நிலப் பயன்பாட்டு விதிகளைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். விதிகளில் கறுப்பர் என்ற சொல் எங்கும் கிடையாது. தனி வீடு மட்டுமே கட்டலாம், மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றிருக்கும். அடுக்கு வீட்டுக்கு அனுமதித்த சில இடங்களிலும் படுக்கையறைக்கு உச்சவரம்பு. அது மட்டுமா? ஒரு வீட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் சராசரி 0.3-க்கு மேல் போனால் அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டடம் கட்டியவரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை. ஒரு பிள்ளையில் பத்தில் மூன்று பாகம்! கையா, காலா, எதை உள்ளே விடுவார்கள்?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தத் தெரு கறுப்பருக்கு என்று வெளிப்படையாகப் பிரிக்கும் ஊர்ச் சட்டங்கள் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-ல் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 1926-ல் ஓஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், தனி வீட்டுப் பகுதிக்குள் அடுக்குமாடியை நுழையவிடாமல் தடுப்பது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நீதிபதி கொடுத்த பெயர் ஒட்டுண்ணி. அடுத்தவன் உண்டாக்கிய காற்றையும் வெளிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்வதாம். ஒன்பது வருடத்தில் நிறம் போய்விட்டது, நெரிசல் வந்துவிட்டது. கட்டடத்தைத் திட்டினால் மனுஷனைத் திட்டியதாக யார் நிரூபிக்க முடியும்? எங்கள் நகர்க் கூட்டத்தில் சாக்கடை தாங்காது என்றார்களே, அந்தப் பேச்சின் பாட்டன் இங்கே இருக்கிறான்.

சாக்கடை பிரச்சினையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக் கட்டியவர்கள் எல்லாருக்கும் 2015 டிசம்பர் மறந்திருக்காது. ஆனால் சதுப்பில் கணினி நிறுவனக் கட்டடங்கள் எழும்பியபோது எந்தச் சங்கமும் என்னிடம் மனு நீட்டவில்லை. இன்னொன்றும் உண்டு. இடித்துக் கட்டுகிறோம் என்று சொல்லி ஏழைகளையே கிளப்பிவிடும் திட்டங்களை ஏழைகள் எதிர்ப்பது வேறு சங்கதி. அமெரிக்காவில் நகரப் புதுப்பிப்பு என்றால் கறுப்பரை அப்புறப்படுத்துவது என்றுதான் அர்த்தம் என ஜேம்ஸ் பால்ட்வின் 1963-லேயே சொல்லிவிட்டார். தன் தலைக்கு மேலுள்ள கூரை போகிறதே என்று கத்துகிறவனையும், பக்கத்துக் கூரையின் கீழ் யார் வரப்போகிறான் என்று கத்துகிறவனையும் ‘குடியிருப்போர் எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவது அயோக்கியத்தனம்.

இனி புத்தகத்தின் மீதான என் சண்டை.

ஆய்வு முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. எத்தல் லாரன்ஸ் குடியிருப்பில் இடம் கிடைத்தவர்களையும், விண்ணப்பித்துக் கிடைக்காமல் காத்திருந்தவர்களையும் ஒப்பிடுகிறார்கள். உள்ளே வந்தவர்கள் பார்க்க நேர்ந்த வன்முறை குறைந்தது, மன உளைச்சல் குறைந்தது, வேலையும் வருமானமும் கூடின, பிள்ளைகள் நல்ல பள்ளிக்குப் போனார்கள். நீதிமன்றத்தில் எடுத்து வீசுவதற்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. சும்மா சொல்லக்கூடாது, நன்றியோடுதான் படித்தேன்.

ஆனால் ஒரு செய்தியை ஆசிரியர்கள் வெற்றியாகச் சொல்கிறார்கள், எனக்கு அங்கேதான் இடித்தது. பத்து வருடம் கழித்து அக்கம்பக்கத்தாரிடம் போய்க் கேட்டால், பக்கத்தில் அப்படியொரு குடியிருப்பு இருப்பதே கணிசமானோருக்குத் தெரியவில்லையாம். தெரியாதபடிதான் கட்டினார்கள். 140 வீடுகளும் வசதியானவர்களின் புறநகர் வீடுகளைப் போலவே தோற்றம், மரங்கள், புல்வெளி. குடிவருகிறவர்களின் கடன் வரலாறும் குற்றப் பதிவும் சலித்து எடுக்கப்பட்டன. இவ்வளவும் செய்த பிறகு ஊர் சொல்கிறது: அப்படியா, அங்கயா இருக்காங்க, தெரியலையே.

இந்த ‘தெரியலையே’ என்ன விலை என்று எனக்குத் தெரியும். அம்மா ஊரிலிருந்து வந்தால் வாசலில் நின்று சத்தமாகப் பேசவிடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போகிற விலை. கருவாடு வறுக்க ஜன்னலைச் சாத்துகிற விலை. சுவரில் அம்பேத்கர் படத்தை ஹாலில் மாட்டாமல் படுக்கையறையில் மாட்டியிருக்கிற விலை. எங்கள் நகரிலும் யாராவது ஆய்வு செய்தால் என்னால் வீட்டு விலை குறையவில்லை என்றுதான் முடிவு வரும். நான் குறையவிடவில்லை. புத்தகம் வரியைக் கணக்கிடுகிறது, குற்றத்தைக் கணக்கிடுகிறது. இந்தச் செலவுக்கு அதில் அட்டவணை கிடையாது.

இலக்கியக்காரர்கள் உடனே லொரைன் ஹான்ஸ்பெரியைச் சொல்வார்கள். 1959-ல் பிராட்வேயில் ஏறிய அவருடைய ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தை நானும் கல்லூரியில் படித்தவன்தான். வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிய கறுப்புக் குடும்பத்திடம், குடியிருப்போர் சங்கத்திலிருந்து லிண்ட்னர் என்பவர் வருகிறார். மிரட்டவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறோம், வராமல் இருந்துவிடுங்கள் என்கிறார். ஹான்ஸ்பெரி இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1937-ல் அவர் அப்பா சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியபோது வீட்டுக்குள் கல் வந்து விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-ல் அப்பா ஜெயித்தார். ஆனால் கறுப்பருக்கு விற்கக்கூடாது என்கிற ஒப்பந்தங்கள் தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, நடைமுறைக் காரணத்தில் ஜெயித்த வழக்கு அது.

நாடகத்தில் மகன் வால்டர் கடைசியில் பணத்தை மறுக்கிறான். நாம் கைதட்டும் இடம் அதுதான். இந்த முறை மறுபடி படித்தேன். மறுக்கிற அதே மூச்சில், நாங்கள் யாருக்கும் தொந்தரவு தரமாட்டோம், நல்ல அண்டை வீட்டாராக இருக்கப் பார்ப்போம் என்று வால்டர் உறுதி கொடுக்கிறான். கல்லூரியில் இது கண்ணில் படவே இல்லை. தலை நிமிர்ந்து நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில்கூட நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது, அவன் கொடுக்கிறான். லிண்ட்னர் அப்படி ஒரு உறுதியும் கொடுக்கவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. நம்முடைய நாடகாசிரியர்களில் யாராவது அந்த லிண்ட்னரை எழுத வேண்டும். அரிவாளோடு வருகிறவனை நிறைய எழுதியாயிற்று. மனுவோடு வருகிறவன் இன்னும் எழுதப்படவில்லை.

நெரிசல் பற்றி இன்னொரு விஷயம் பாக்கி. அதே சிகாகோவில் 1962-ல் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று 16 மாடிக் கட்டடங்கள் 28 கட்டி முடித்தார்கள், நான்காயிரத்துக்கும் மேலான வீடுகள். அது கறுப்பர் பகுதிக்குள்ளேயே இருந்ததால் அடர்த்தி அதிகம் என்று எந்த வெள்ளை வட்டாரத்துக்கும் வலிக்கவில்லை. வெள்ளையர் வார்டுகளில் பொது வீடு கட்ட அந்தந்தக் கவுன்சிலர்களே விடவில்லை. 2007-க்குள் 28-ம் இடித்துத் தள்ளப்பட்டன. இங்கே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நமக்கு மனப்பாடம். கூவம் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாடியில் வைத்தபோது பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல் வீடுகளுக்குத் தண்ணி பத்துமா, சாக்கடை தாங்குமா என்று கேட்ட சங்கம் எத்தனை?

என் அக்கா மகன் அந்தப் பெரும்பாக்கத்தில்தான் ஏழாவது மாடியில் இருக்கிறான். லிஃப்ட் ஓடாத நாளில் அக்கா கீழே இறங்குவதில்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மேயர், தேவாலயம், வழக்கு, முப்பது வருடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எத்தன வீடு மாமா கேட்டாங்க?”

“முப்பத்தாறு.”

“முப்பத்தாறா? எங்க ஒரு பிளாக்குலயே அதவிட ஜாஸ்தி. அதுக்கா முப்பது வருஷம்?” என்றான். பிறகு, “உங்க ஏரியாவுல கூட ஏதோ கட்டறாங்கன்னு சொன்னாங்களே, வந்துச்சுன்னா அம்மாவுக்கு ஒண்ணு எழுதிப் போடலாமா? உங்களுக்கும் பக்கத்துல இருக்கும்” என்று கேட்டான்.

அந்தப் புறம்போக்கில் இன்னும் வேலிகாத்தான்தான் மண்டிக் கிடக்கிறது. திட்டம் நின்றுபோச்சுப்பா என்று மட்டும் சொன்னேன். மனுவில் என் கையெழுத்து இருப்பதைச் சொல்லவில்லை. இந்த இதழை அவன் வாங்குகிறவன்தான், படிப்பான்.