தசாவதாரப் படமும் கடவுளுண்மை வினாவும்

2008 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த ‘தசாவதாரம்’ என்னுந் திரைப்படம், கமல்ஹாசன் ஒருவரே பத்து வேடம் பூண்டு நடித்த புதுமையாற் பெரிதும் பேசப்பட்டது. கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய அப்படத்தின் வேடச் சிறப்பையும் ஓட்டத்தையும் சண்டையையும் ஆராய்தல் ஈண்டைக் கருத்தன்று. விஞ்ஞானத்துக்குங் கடவுட்கொள்கைக்கும் உள்ள பிணக்கை அது பொருளாகக் கொண்டமையாலும், அப்பிணக்கைத் தில்லைப் பதியிலிருந்தே தொடங்கினமையாலும், சைவர் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

படத்தின் முற்பகுதி பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிகழ்வது. குலோத்துங்கசோழன் கோவிந்தராசர் திருவுருவைப் பெயர்த்தெடுப்பிக்கின்றான். அதனைத் தடுத்த அரங்கராச நம்பி என்னும் வைணவன், ஐந்தெழுத்தை ஓதினால் உயிர் பிழைக்கலாம் எனப்பட்டும் எட்டெழுத்தையே ஓதி, அவ்வுருவோடு பிணிக்கப்பட்டுக் கடலில் ஆழ்த்தப்படுகின்றான். இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில் அத்திருவுரு தில்லையினின்று அகற்றப்பட்டமைக்கு ஒட்டக்கூத்தர் நூல்களிற் குறிப்புண்டு. விசயநகரத்து அச்சுதராயன் 1539 இல் அதனை மீள நிறுவினான். நம்பியோ படத்தார் படைத்த பாத்திரம். இக்காட்சி கண்டு சினந்த சைவரும் உளர். சினத்தற்கு இடமில்லை. யாதொரு தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருளுபவன் சிவபெருமானே என்பது அருணந்தி சிவாசாரியர் துணிபு. அத்துணிபுடையார்க்குப் பிறர் வழிபடும் உருவைக் கடலில் எறிதல் எவ்வாற்றானும் இயையாது. அரசன் செய்தது அரசன் செயலே. அதனைச் சித்தாந்தத்தின் மேலேற்றுதலும் வேண்டா, சித்தாந்தத்தின் பெயராற் காத்தலும் வேண்டா.

பிற்பகுதியில், அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றிலே பணிபுரியுங் கோவிந்தராசன் என்னும் நம்பிக்கையிலி, உலகையழிக்கவல்ல நோய்க்கிருமி அடைத்த குப்பியைத் தேடித் தில்லைக்கு வருகின்றான். குப்பியோ ஒரு முதியவளாற் பெருமாள் உருவினுள்ளே இடப்பட்டுவிடுகின்றது. அவ்வுருவை விடாது பற்றிய ஆண்டாள் என்னும் பெண்ணும் அவனும் ஓடிக்கொண்டே வாதிடுகின்றனர். சிவஞானசித்தியார் பரபக்கத்தைப் பயின்றார்க்கு இவ்விருவரும் புதியரல்லர். பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கும் அப்பகுதியில் முதற்கண் நிற்பவன் உலகாயதன். இறுதிக்கண் நிற்பவன் பாஞ்சராத்திரி. இம்முதலையும் முடிவையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியது படத்தார் அறியாது செய்த நயம் போலும்!

வாதம் கூர்மையுடையதே, ஆயின் ஆழமுடையதன்று. தொடக்கத்தே வண்ணத்துப்பூச்சியொன்றைப் பறக்கவிட்டு, சிறு நிகழ்ச்சி பெருவிளைவுக்கு ஏதுவாம் என்னும் ஒழுங்கின்மைக் கோட்பாடு காட்டப்படுகின்றது. வானிலை ஆராய்ந்த எட்வர்டு லாரன்சு என்பார் 1963 இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டியது யாது? தொடக்க நிலையிலுள்ள நுண்ணிய வேறுபாடும் பெருகுமாதலின், நெடுநாட்கு முன்னரே வானிலையைக் கணித்துரைத்தல் இயலாதென்பதே. இது கணிப்பின் எல்லையைச் சொல்லுவது. காரணத்தொடரினுள்ளே கடவுளுக்கு ஓரிடம் ஒதுக்குவதன்று. படமோ அத்தொடரின் கண்ணிகளுள்ளேயே இறைவன் மறைந்திருக்கின்றானா எனத் தேடுகின்றது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண்ணையுந் திகிரியையும் ஆராய்வது விஞ்ஞானத்தின் தொழில். அவ்வாராய்ச்சியைச் சித்தாந்தி மறுப்பதில்லை. மண்ணைச் சலித்துப் பார்த்து அதனுட் குயவனைக் கண்டேன் என்பதும், காணேனாதலின் அவன் இல்லை என்பதும் ஒரே பிழையின் இருமுகங்கள். ஆண்டாள் ஒன்றைச் சொல்லுகின்றாள். கோவிந்தராசன் மற்றொன்றைச் சொல்லுகின்றான்.

முடிவு 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நிகழ்வது. கிருமி பரவும் வேளையிற் பேரலை எழுந்து, தன் உப்பால் அதனை அழிக்கின்றது. பல கோடி மக்களைக் காக்கவே இறைவன் அலையை அனுப்பினான் என்னுங் கருத்து ஆண்டாள் பக்கம் எழ, இறந்தாரைக் காவாத கடவுள் எத்தகையன் என்னும் வினா மற்றைப் பக்கம் எழுகின்றது. அன்று சுமாத்திராவை அடுத்த கடற்படுகை பிளந்தெழுந்த அலையால் மாண்டோர் இரண்டு லட்சத்தின் மேலர். நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரவர். அத்துணைப் பிணங்களின்மேல் நிறுவப்படுங் கடவுளை மறுத்தமைக்காகக் கோவிந்தராசனைக் குறைகூறுதல் அரிது. ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை மலரவும் ஒன்று வாடவும் ஞாயிறு விகாரமடையாதவாறு போல, இறைவன் ஐந்தொழில் இயற்றியும் விகாரமின்றி நிற்பன் என்பது சித்தாந்தம். தலை எண்ணிச் சிலரைக் கொன்று பலரைக் காக்குங் கணக்கன் அப்பரமன் அல்லன்.

இவ்விடத்தே சைவர் தம் கொள்கையைத் தாமே பழிப்புக்கு ஆளாக்குதலும் உண்டு. ‘வினைப்பயன்’ என்று சொல்லி வாயடைத்துவிடுவர். 2024 ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சியைச் சார்ந்த கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மாண்டோர் அறுபதின்மரின் மேற்பட்டனர். பெரும்பாலோர் நாட்கூலியால் வாழ்ந்தவர். மெத்தனால் ஈரலிற் சிதைந்து பார்மிக் அமிலமாகிக் கண்ணரம்பைக் கெடுத்து உயிரைக் குடிப்பதை வேதிநூல் தெளிவாக உரைக்கும். அந்நூலுக்கு மேல் ஒன்றுரைக்கப் புகுஞ் சைவன், இறந்தார்தம் பழவினையையா முதலில் எடுத்துரைப்பது? பிராரத்தம் பிறருக்கு எதுவென அறியும் அளவை அவனிடம் யாதுமில்லை. காய்ச்சினவன், கலந்தவன், கண்டுங் காணாதிருந்தவன் ஆகியோர் அன்றே புதிதாக ஈட்டிய ஆகாமியமோ எல்லார் கண்ணுக்கும் வெளி. அதனைச் சொல்லாது முன்னையதைச் சொல்லுதல் குற்றவாளிக்குச் சார்புரைத்தலாம். விதைத்தவனே அறுப்பான் என்பதற்காக ஏற்பட்ட கொள்கையை, இறந்தவன் வாயில் மண்ணிடப் பயன்படுத்துதல் தகாது.

படத்திலும் கிருமி மனிதர் ஆக்கியதே, அலையொன்றே இயற்கை. இவ்விரண்டையும் ஒன்றால் ஒன்றைத் தீர்த்துவிட்டு, ஆக்கியவர்தம் வினையைப் பற்றிப் படத்தார் பின்னர்ப் பேசுவதில்லை. கதைப்பின்னலில் இதுவே பெருங்குறை. உப்பு மருந்தாவதும் மிக வசதியாக அமைந்த சூழ்ச்சியே.

ஆயினும் ஒருபுறமாக வந்து செல்லும் பூவராகன் என்னும் பாத்திரத்தை மறத்தற்கியலாது. ஆற்றுமணற் கொள்ளையை எதிர்த்து நின்ற அவன், அலை வந்த நாளில் தன் பகைவனுடைய பிள்ளைகளைக் காக்கப் புகுந்து உயிர்நீக்கின்றான். கடவுள் உண்டா இலரா என்னும் வாதத்துக்கு அவன் செவிகொடுத்ததாகப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை. நம்பியும் கோவிந்தராசனும் பேசிய நீண்ட உரைகளினும், நீரிலிறங்கிய அவன் கைகளே நெஞ்சில் நிற்கின்றன.