ஐரோப்பாவின் அறிவினா

வினாவை ஆறு வகையாகப் பகுத்தார் நன்னூலார். அவற்றுள் முதலில் நிற்பது அறிவினா; அடுத்து நிற்பது அறியாவினா. விடை இன்னதெனத் தெரிந்த ஆசிரியர், மாணவனுக்கு அது தெரியுமா என்று காணக் கேட்பது முன்னது. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது பின்னது. இரண்டிற்கும் சொல் ஒன்றே. வேறுபாடு கேட்பவர் உள்ளத்தில் உளது. அவ்வுள்ளத்தைப் பிறர் அறிவது எங்ஙனம்? மாறான விடை வரும்போது அறியலாம். அறியாவினா கேட்டவன் வந்த விடையை ஏற்றுக்கொண்டு செல்வான். அறிவினா கேட்டவரோ, தவறு, மீண்டும் சொல் என்பார்.

ஐரோப்பிய ஒன்றியத்தைக் கட்டியெழுப்பும் ஒப்பந்தங்களைக் குறித்து அதன் உறுப்பு நாடுகள் தத்தம் மக்களிடம் நடத்திய வாக்கெடுப்புகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும். நாட்டின் உரிமைகளிற் சில பொதுவான ஓர் அவையிடம் ஒப்படைக்கப்படும்போது, அதற்கு மக்களின் இசைவு வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அவ்விசைவு உண்மையாகவே கேட்கப்பட்டதா என்பதிலேயே வழக்கு எழுகின்றது.

1992-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்றியத்தைத் தோற்றுவித்துப் பொது நாணயத்திற்கு வழிவகுத்தது மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம். அதனை டென்மார்க்கு மக்கள் அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் மறுத்தனர். மறுப்புக்கு விழுந்த வாக்கு நூற்றுக்கு 50.7. செப்டம்பர் 20-ஆம் நாள் பிரஞ்சு மக்கள் அதே ஒப்பந்தத்தை ஏற்றனர். ஏற்புக்கு விழுந்தது நூற்றுக்கு 51. அங்கே மறுப்பு நூலிழையில் வென்றது. இங்கே ஏற்பு நூலிழையில் வென்றது. ஆயினும் பிரஞ்சு மக்களை எவரும் மீண்டும் கேட்கவில்லை. டென்மார்க்கு மக்கள் பதினொரு திங்கள் கழித்து மீண்டும் வாக்குச் சாவடிக்கு அழைக்கப்பட்டனர். ஏற்பின் நூலிழை மட்டும் கயிறாயிற்று.

எனினும் டென்மார்க்கின் வழக்கை முற்றும் குறை கூறுதல் நேர்மையாகாது. முதல் விடைக்கும் இரண்டாம் வினாவுக்கும் இடையே ஒன்று நிகழ்ந்தது. 1992 டிசம்பரில் எடின்பரோ நகரில் கூடிய தலைவர்கள், பொது நாணயம், பாதுகாப்பு, ஒன்றியக் குடியுரிமை, நீதியும் உள்துறையும் ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்கு அளித்தனர். ஆகவே 1993 மே 18-ஆம் நாள் கேட்கப்பட்டது பழைய வினா அன்று. நூற்றுக்கு 56.7 வாக்கு ஏற்புக்கு விழுந்ததும் வியப்பன்று. அவ்விலக்குகள் பெயரளவில் நில்லாமல் உயிருடன் இருந்தன. நாணய விலக்கைக் கைவிடலாமா என்று 2000-இல் கேட்டபோது மக்கள் மறுத்தனர். நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று 2015-இல் கேட்டபோதும் மறுத்தனர். உக்ரேன் போர் மூண்டபின் 2022 ஜூன் 1-ஆம் நாள் பாதுகாப்பு விலக்கைத் தாமே கைவிட்டனர். கொடுத்ததும் மக்கள், காத்ததும் மக்கள், விடுத்ததும் மக்கள். மறுப்பு என்னும் விடைக்குப் பொருள் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று ஐரோப்பாவில் இல்லை.

2005-இல் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

பிரஞ்சுக் குடியரசின் முன்னாள் தலைவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் தலைமையில் கூடிய பேரவை, ஐரோப்பாவுக்கு ஓர் அரசியல் சாசனம் வரைந்தது. 2004 அக்டோபரில் உரோம் நகரில் அது கையொப்பமாயிற்று. திறனாய்வாளர் கண்கொண்டு நோக்கினால், அந்நூல் இருவேறு கைகள் எழுதியது போன்று தோன்றும். மொத்தம் 448 பிரிவுகள். முதற்பகுதி 60 பிரிவுகள் கொண்டது: ஒன்றியம் யாது, அதன் அவைகள் யாவை, எவர் எதனைச் செய்யலாம் என்பவற்றைத் தெளிவாகக் கூறுகின்றது. மேல்வகுப்பு மாணவனும் அதனைப் படித்துப் பொருள் கொள்ள இயலும். இரண்டாம் பகுதி உரிமைகளைக் கூறுவது. மூன்றாம் பகுதியோ 322 பிரிவுகள் கொண்ட பெருங்காடு: மீன்பிடிப்பு, வேளாண்மை, வங்கி, வாணிகப் போட்டி எனப் பழைய ஒப்பந்தங்களில் கிடந்தவை எல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்டப்பட்டன. சாசனம் என்பது நாட்டின் எலும்புக்கூடு. அதற்குள் அங்காடிக் கணக்கைப் புகுத்தியது பெரும் பிழை. பேரவை வரைந்த முன்படியின் தலைப்பில், ஆட்சி சிலர் கையில் இல்லாமல் பலர் கையில் இருப்பதே மக்களாட்சி என்னும் கருத்துடைய தூசிடைடீசின் கிரேக்க வாசகம் ஒன்று இருந்தது. அரசுகள் திருத்திய இறுதிப் படியில் அது காணப்படவில்லை. நீக்கியவர்கள் எது கருதி நீக்கினராயினும், பின்னர் நிகழ்ந்தவற்றோடு அந்நீக்கம் நன்கு பொருந்துகின்றது.

ஆயினும் அந்நூலுக்கு ஒரு பெருமை உண்டு. மக்கள் அதனைப் படித்தனர். பிரஞ்சு அரசு முழு வாசகத்தையும் வாக்காளர் வீடுதோறும் அனுப்பியது. அதனை விளக்கும் நூல்கள் கடைகளில் மிகுதியாக விற்றன. மார்சேல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒப்பந்தத்தைத் தாமே படித்து எழுதிய மறுப்புரை இணையவழியே நாடெங்கும் பரவியது. 2005 மே 29-ஆம் நாள் வாக்காளரில் நூற்றுக்கு 69 பேர் வாக்களித்தனர். மறுப்பு நூற்றுக்கு 54.7. மூன்று நாள் கழித்து நெதர்லாந்தில் மறுப்பு நூற்றுக்கு 61.5. அதற்கு முன்னர், பிப்ரவரியில், ஸ்பெயின் மக்கள் நூற்றுக்கு 77 வாக்கால் ஏற்றிருந்தனர். அங்கே வாக்களித்தவர் நூற்றுக்கு 42 பேரே. எந்நாட்டில் மிகுதியாகப் படித்தனரோ அந்நாட்டில் மறுத்தனர் என்று விதி செய்தல் மிகையாகும். ஆயினும் அவ்வையம் எழாமல் இல்லை.

மறுப்பு வந்தவுடன் அறிஞர் பலர் கூறிய குற்றச்சாட்டு ஒன்றை ஈண்டு ஆராய வேண்டும். பிரஞ்சு மக்கள் கேட்ட வினாவுக்கு விடை சொல்லவில்லை. வேலையின்மையையும் தம் அரசின்மீது கொண்ட சினத்தையும் வாக்காகப் போட்டனர் என்றனர் அவர்கள். ஐரோப்பிய ஆணையமே எடுப்பித்த கணிப்பிலும், மறுத்தவர் கூறிய காரணங்களுள் வேலைவாய்ப்பைப் பற்றிய அச்சமே முன்னின்றது. நம் இலக்கண ஆசிரியர் இதற்கு விடை வைத்துள்ளார். 'ஆடுவாயா?' என்று கேட்க, 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். அது நேர்விடை அன்றாயினும் எண்வகை விடையுள் ஒன்றாகவே எண்ணப்படும். ஆடமாட்டேன் என்னும் பொருள் அதனுள் அடங்கியுள்ளது. 'இவ்வொப்பந்தத்தை ஏற்பாயா?' என்று கேட்க, 'எனக்கு வேலை போயிற்று' என்றவனும் விடை கூறியவனே. சந்தையைத் திறந்துவிடும் விதிகளைச் சாசனத்துக்குள் வைத்தவர்கள், வேலையைப் பற்றிய விடை வந்தது கண்டு வியந்தது ஏன் என்பது விளங்கவில்லை.

அதன்பின் வந்தது இலிசுபன் ஒப்பந்தம். 2007 டிசம்பரில் கையொப்பமாயிற்று. சாசனம் என்னும் பெயரும், கொடி, பண் முதலிய சின்னங்களும் நீங்கின. வெளியுறவு அமைச்சர் என்னும் பட்டம் மாறிற்று. உள்ளீடோ பெரும்பாலும் பழையதே. இதனைச் சொன்னவர் எதிர்ப்பாளர் அல்லர். பழைய பேரவையின் தலைவரான ஜிஸ்கார் தெஸ்தேனே, கருவிகள் அனைத்தும் அவையே, பெட்டியில் அடுக்கிய முறை மட்டுமே வேறு என்னும் கருத்தை 2007 அக்டோபரில் பிரஞ்சு நாளிதழில் எழுதினார். உருவம் மட்டும் முற்றிலும் மாறிற்று. பழைய ஒப்பந்தங்களின் இன்ன பிரிவில் இன்ன சொல்லை எடுத்து இன்ன சொல்லை இடுக என்னும் திருத்தங்களின் கோவை அது. மூலநூல் இன்றி அடிக்குறிப்பை மட்டும் கையில் கொடுத்துப் பாடம் கேட்பது போன்றது. பழைய ஒப்பந்தங்களைப் பக்கத்தில் விரித்து வைத்தன்றி ஒரு பக்கமும் படிக்க இயலாது.

2008 பிப்ரவரியில் பிரஞ்சு நாடாளுமன்றம் அதனை ஏற்றது. நெதர்லாந்திலும் நாடாளுமன்றமே ஏற்றது. மக்களை ஏமாற்றினர் என்று பலரும் கூறுவர். அஃது அவ்வளவு எளிய வழக்கன்று. நாடாளுமன்றம் வழியாகவே புதிய ஒப்பந்தத்தை ஏற்பேன் என்று 2007 தேர்தலின்போது சார்க்கோசி வெளிப்படையாகச் சொல்லி வாக்குக் கேட்டார். மக்களும் அவரைத் தேர்ந்தனர். (2005-இல் சாசனம்பற்றி வாக்கெடுப்பு நடத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிப் பின்னர் இஃது அதுவன்று என்று நழுவிய பிரிட்டானியத் தொழிற் கட்சிக்கு இவ்வாதம் உதவாது.) நாடாளுமன்றமும் மக்கள் அவையே. ஜெர்மனியில் இதற்கு நாடளாவிய வாக்கெடுப்பு இல்லை. ஆயினும் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், நாடாளுமன்றத்தின் உரிமையை முதலில் சட்டத்தால் உறுதி செய்த பின்னரே ஒப்பந்தம் நிறைவேறலாம் என்று 2009 ஜூனில் தடுத்து நிறுத்தியது. பொறுப்பைக் காக்க வாக்கெடுப்பு ஒன்றே வழி என்பதில்லை.

குறை வேறிடத்தில் உளது. 2005-இன் விடையிலிருந்து தலைவர்கள் கற்ற பாடம் யாது? படிக்கத்தக்க நூலை எழுதினால் மக்கள் படிப்பர். படித்தால் கேட்கவேண்டி வரும். ஆகவே படிக்க இயலாத நூலை எழுதுவோம் என்பதே. 2004-இன் நூல் படிக்கப்படுவதற்காக எழுதப்பட்டுத் தோற்றது; 2007-இன் நூல் படிக்கப்படாமைக்காகவே எழுதப்பட்டது போன்றது. தமக்கு மேலாகும் சட்டத்தைத் தாமே படிக்க இயலாத குடிமக்கள், அதனை இயற்றியவரை எச்சொல்லைச் சுட்டிப் பொறுப்பாக்குவர்?

அயர்லாந்து மட்டும் கேட்டே தீரவேண்டிய நிலையில் இருந்தது. ரேமண்டு குரோட்டி தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987-இல் அளித்த தீர்ப்பே அதற்குக் காரணம். 2001-இல் நீசு ஒப்பந்தத்தை அயர்லாந்து மறுத்து, 2002-இல் ஏற்றது. 2008 ஜூனில் இலிசுபனை நூற்றுக்கு 53.4 வாக்கால் மறுத்து, 2009 அக்டோபரில் நூற்றுக்கு 67.1 வாக்கால் ஏற்றது. 'தெரியாவிடில் மறுத்துவிடு' என்பது மறுப்பாளர் முழக்கம். மட்டமான முழக்கமே, ஆயினும் அதற்கு இடம் கொடுத்தவர் யார்? அறிவுடைய எவரும் இவ்வொப்பந்தத்தை முழுதும் படியார் என்று ஏற்பாளர் பக்கத்து ஆணையரான மெக்கிரீவியே சொல்லிவிட்டார். இரு வாக்கெடுப்புக்கும் இடையே ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நாட்டுக்கு ஓர் ஆணையர் என்னும் முறை நீடிக்கும் என்ற உறுதியும், வரி, நடுநிலைமை முதலியவற்றில் உறுதிமொழிகளும் கிடைத்தன. பொருளாதார வீழ்ச்சியும் இடையே வந்தது. டென்மார்க்கின் பேற்றினும் குறைவு, பிரஞ்சு மக்களின் பேற்றினும் மிகுதி.

வினாவைக் கேட்டவர் மட்டுமே குற்றவாளிகள் என்பதும் இல்லை. வினாவின் வடிவமே பிழைத்த இடங்களும் உள. 2015 ஜூலை 5-ஆம் நாள் கிரேக்க நாட்டு வாக்குச் சீட்டில், கடன் கொடுத்தோர் வைத்த இரண்டு ஆவணங்களின் தலைப்புகளே வினாவாக நின்றன. கெடுக் கடந்த ஒரு திட்டத்தைப் பற்றி ஒரு கிழமைக்குள் நடந்த வாக்கெடுப்பு அது. மறுப்பு என்னும் கட்டம் ஏற்பின் மேலே அச்சிடப்பட்டிருந்தது. அரசே மறுக்கச் சொன்னது. அஃது ஏவல் வினா. நூற்றுக்கு 61.3 பேர் மறுத்தனர். எட்டாம் நாள் அதே அரசு கடுமையான உடன்பாட்டுக்கு இசைந்தது. 2016 ஜூன் 23-ஆம் நாள் பிரிட்டனில் கேட்டதோ, பாம்போ கயிறோ என்பது போன்ற ஐயவினா: இருப்பதா, விலகுவதா? சொல் மிகத் தெளிவு. ஆனால் விலகுவது எவ்வாறு என்பதற்கு ஒரு வரி வாசகமும் இல்லை. நூற்றுக்கு 51.9 பேர் விலகுவோம் என்றனர். அச்சொல்லுக்கு உரை காண நாடாளுமன்றம் மூன்றரை ஆண்டு மல்லாடியது; 2020 ஜனவரி 31-ஆம் நாள் விலகல் நிறைவேறிற்று. பிரஞ்சு மக்களுக்கு உரை மிகுதி. பிரிட்டானிய மக்களுக்கு உரையே இல்லை.

நெதர்லாந்தின் கதை இன்னும் சிறியது. மூன்று இலட்சம் கையொப்பம் சேர்ந்தால், நாடாளுமன்றம் ஏற்ற சட்டத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கலாம் என்னும் சட்டம் அங்கே 2015-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி 2016 ஏப்ரல் 6-ஆம் நாள் நடந்த முதல் வாக்கெடுப்பில், ஒன்றியம் உக்ரேனுடன் செய்த உடன்பாட்டை நூற்றுக்கு 61 பேர் மறுத்தனர். வாக்களித்தவர் நூற்றுக்கு 32 பேர். சட்டம் வேண்டியது 30. தலைவர்கள் ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தனர். 2017-இல் உடன்பாடு நிறைவேறிற்று. 2018 ஜூலையில் வாக்கெடுப்புச் சட்டமே நீக்கப்பட்டது. அந்நீக்கத்தைக் குறித்து மக்கள் வாக்கெடுப்புக் கேட்கலாகாது என்பதும் நீக்கச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.